பாய்மரப் படகில் பேட்டரி பேங்க்: எந்த இணைப்பு, எந்த மீட்டர்?

பேட்டரி, அதை இணைக்கும் விதம், கண்காணிக்கும் மீட்டர் மூன்றையும் தனித்தனியாக வாங்குவதுதான் நெடும்பயணப் படகுகளில் நடக்கும் முதல் தவறு. பேட்டரியின் வேதியல் மாறினால் மீட்டரும் மாற வேண்டும். ஒரே ஒரு நெகடிவ் ஒயர் தவறான பக்கத்தில் ஏறினால் எவ்வளவு விலை உயர்ந்த மீட்டரும் கதைதான் சொல்லும். அதனால் மூன்றையும் சேர்த்தே ஒப்பிடுவோம்.

பேட்டரி: ஈயமா, லித்தியமா?

ஒரு நாளைக்கு 100 ஆம்பியர்-மணி (இனி ஏஎச்) செலவழிக்கும் 12 வோல்ட் படகை எடுத்துக்கொள்வோம். பிரிட்ஜ், ஆட்டோபைலட், விளக்குகள், ரேடியோ எல்லாம் சேர்ந்தால் இது பெரிய எண் அல்ல.

லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது மேல் பாதியை. 80 சதவீதத்தைத் தாண்டியதும் ஈய பேட்டரி மின்னோட்டத்தை வாங்கும் வேகம் படிப்படியாகக் குறையும். கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்காகும். நங்கூரத்தில் நிற்கும் படகில் அதற்காக யாரும் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆக 50-க்கும் 80-க்கும் இடைப்பட்ட 30 சதவீதம்தான் நடைமுறையில் கைக்குக் கிடைப்பது. 100 ஏஎச் வேண்டுமென்றால் 330 ஏஎச்-க்கு மேல் பேங்க் (சேர்த்து இணைத்த பேட்டரிகளின் தொகுதி) வேண்டும். டிரோஜன் டி-105 போன்ற 6 வோல்ட், 225 ஏஎச் பேட்டரி நான்கு போட்டால் 450 ஏஎச் வரும். எடை சுமார் 112 கிலோ. வாரக்கணக்கில் முழுதாக ஏறாமல் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும்.

ஏஜிஎம் என்பது தண்ணீர் ஊற்ற வேண்டாத ஈயம். கவிழ்ந்தாலும் அமிலம் கொட்டாது, வேகமாக ஏறும். ஆனால் முழுதாக ஏறாமல் கிடப்பதை அதுவும் மன்னிக்காது; ஹைட்ரோமீட்டர் விட்டுச் சோதிக்கவும் வழியில்லை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 200 ஏஎச் இருந்தால் 160-ஐத் தாராளமாக எடுக்கலாம். எடை ஏறத்தாழ 25 கிலோ. பாதியில் விட்டாலும் கெடாது. சொல்லப்போனால் எப்போதும் நூறில் வைத்திருப்பதுதான் அதற்கு ஆகாது. பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. விலையை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உள்ளிருக்கும் பி.எம்.எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணு அமைப்பு) ஆபத்து என்று கருதினால் முன்னறிவிப்பின்றி மொத்தத்தையும் துண்டித்துவிடும். கீழே வரும் பல முடிவுகள் இந்த ஒரு குணத்தால்தான் மாறுகின்றன.

பேரலல் இணைப்பு: மூன்று வழிகள்

நான்கு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக வைத்து, பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகடிவோடு நெகடிவ் சேர்த்து, வெளியே போகும் இரண்டு கேபிளையும் முதல் பேட்டரியிலேயே எடுப்பது எளிய வழி. மோசமான வழியும் அதுதான். ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். பேட்டரியின் உள்மின்தடை 4 மில்லி ஓம் என்று வைப்போம். 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 30 செ.மீ.க்கு 0.1 மில்லி ஓம். இரு முனை லக்குகளும் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) சேர்ந்தால் 0.15. மொத்தம் 100 ஆம்பியர் எடுக்கும்போது முதல் பேட்டரி 31, இரண்டாவது 26, மூன்றாவது 22, கடைசி 21 ஆம்பியர் தரும். சார்ஜ் ஆகும்போதும் இதே ஏற்றத்தாழ்வுதான். முதல் பேட்டரி உழைத்துச் சாகும், கடைசிப் பேட்டரி பட்டினியில் சாகும்.

பாசிட்டிவை முதல் பேட்டரியிலும் நெகடிவைக் கடைசிப் பேட்டரியிலும் எடுங்கள். அதே கணக்கு 26, 24, 24, 26 என்று மாறும். இதற்குத் தேவை ஒரு கேபிளை இடம் மாற்றுவது மட்டுமே. இரண்டு பேட்டரிகள் மட்டும் இருந்தால் இந்தக் குறுக்கு இணைப்பில் பங்கு மிகச் சரியாகச் சமமாகும்.

மூன்றாவது வழி பஸ்பார், அதாவது பல கேபிள்களைச் சேர்க்கும் தடித்த உலோகப் பட்டை. ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் ஒரே நீளம், ஒரே தடிமன் கேபிள் போட்டு இரண்டு பஸ்பார்களில் சேர்ப்பது. லித்தியத்தில் மூன்று பேட்டரிக்கு மேல் போனால் இதைத்தான் செய்ய வேண்டும். உள்மின்தடை பாதியானால் மேலே சொன்ன ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒரு பேட்டரியின் பி.எம்.எஸ் அதிகச் சுமையில் முதலில் விழ, மீதிச் சுமை அடுத்தவற்றின் தலையில் ஏறி, சீட்டுக்கட்டு போல எல்லாம் சரியும். பெரும்பாலும் நங்கூர விஞ்ச் இழுத்துக்கொண்டிருக்கும்போது.

லித்தியத்தை முதல்முறை பேரலல் செய்யும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழு சார்ஜுக்குக் கொண்டுபோய், பிறகு சேர்த்துச் சில மணி நேரம் விட வேண்டும். ஈயத்தில் பேரலலையே குறைக்க வழி இருக்கிறது: 6 வோல்ட் பேட்டரிகளை இரண்டிரண்டாக சீரிஸில் போட்டால் நான்கு பேட்டரிக்கு இரண்டே வரிசைதான்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தளர்ந்த நட்டு கெடுத்துவிடும். உப்புக் காற்றில் பச்சை பூத்த லக் 1 மில்லி ஓம் கூட்டினால் எந்த இணைப்பு முறையும் உதவாது. கேபிள் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். லக்கை சுத்தியலால் அடிக்காமல் ஹைட்ராலிக் கருவியால் கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்கால் மூடுங்கள்.

ஸ்டார்ட்டரையும் ஹவுஸ் பேங்கையும் பிரிப்பது

ஸ்டார்ட்டர் பேட்டரி எஞ்சினைக் கிளப்ப, ஹவுஸ் பேங்க் மற்ற எல்லாவற்றுக்கும். பழைய 1-2-போத் ஸ்விட்ச் (முதல் பேங்க், இரண்டாவது, இரண்டும் என்று திருப்புவது) இன்னும் பல படகுகளில் இருக்கிறது. எளிமை, பழுதாக எதுவும் இல்லை. குறை மனித மறதி: 'போத்' நிலையில் விட்டுத் தூங்கினால் காலையில் இரண்டு பேங்கும் காலி. எஞ்சின் ஓடும்போது 'ஆஃப்' தாண்டித் திருப்பினால் ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) டயோடுகள் போய்விடும்.

ஒரே சார்ஜை இரண்டு பேங்குக்கும் பிரித்து, திரும்பி ஓடாமல் தடுக்கும் டயோடு ஐசொலேட்டர் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை தின்றுவிடும். அதை ஆல்டர்னேட்டர் ஈடுகட்டாவிட்டால் ஈய பேட்டரி ஒருநாளும் முழுதாக ஏறாது. புதிதாகப் போடக் காரணமே இல்லை.

வோல்டேஜ் பார்த்துத் தானாகச் சேர்ந்து பிரியும் விஎஸ்ஆர் ரிலே, இரண்டு பேங்கும் ஈயமாக இருந்தால் இன்றும் சரியான தேர்வு. சார்ஜ் வரும்போது 13 வோல்ட்டுக்குச் சற்று மேலே சேரும், நின்றதும் 12.8-ஐ ஒட்டிப் பிரியும். இதையே லித்தியத்தோடு போட்டால் வேடிக்கை ஆரம்பம். லித்தியத்தின் ஓய்வு வோல்டேஜே 13.2, 13.3. எஞ்சின் நின்று பல மணி நேரம் ஆன பிறகும் சார்ஜ் வந்துகொண்டிருப்பதாக நம்பி ரிலே சேர்ந்தபடியே கிடக்கும். ஹவுஸ் பேங்க் ஏறக்குறைய தீரும்வரை பிரியாது.

லித்தியம் ஹவுஸ் பேங்குக்குப் பொருந்துவது டிசி-டிசி சார்ஜர், அதாவது ஒரு பேட்டரியிலிருந்து அளவாக எடுத்து இன்னொன்றை ஏற்றும் கருவி. ஆல்டர்னேட்டர் நேராக ஸ்டார்ட்டர் ஈய பேட்டரிக்குப் போகும். அங்கிருந்து டிசி-டிசி வழியாக லித்தியத்துக்கு. இதில் இரண்டு லாபம். லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கும் என்பதால், நேரடியாக இணைத்த 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் குறைந்த சுழற்சியில் குளிர்ச்சியின்றி எரிந்துபோக வாய்ப்புண்டு. 30 ஆம்பியர் டிசி-டிசி அதைக் கட்டுப்படுத்தும். மற்றது, பி.எம்.எஸ் திடீரென்று துண்டித்தாலும் ஆல்டர்னேட்டருக்கு முன்னால் ஈய பேட்டரி இருப்பதால் வோல்டேஜ் எகிறி டயோடுகளையும் கருவிகளையும் கொல்லாது. நஷ்டம் வேகம்: 3 மணி நேர எஞ்சினுக்கு 90 ஏஎச்தான். அதற்கு மேல் வேண்டுவோர் வெப்ப உணரியோடு கூடிய வெளி ரெகுலேட்டருக்குப் போகலாம், அதுவும் பி.எம்.எஸ் துண்டிக்கும் முன் ஆல்டர்னேட்டரை நிறுத்தச் சொல்லும் வசதி இருந்தால் மட்டும்.

டிசி-டிசியில் அடிக்கடி வரும் புகார், நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுவது. குற்றவாளி பெரும்பாலும் மெலிந்த கேபிள். 30 ஆம்பியர் கொடுக்க அது சுமார் 35 வாங்கும். போக வர 10 மீட்டர், 10 சதுர மி.மீ. கேபிள் என்றால் இழப்பு 0.6 வோல்ட். 13.8 வோல்ட் 13.2 ஆக வந்து சேர, எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்து அது நிற்கும். சுமை போனதும் வோல்டேஜ் ஏறி மறுபடி ஓடும். 25 சதுர மி.மீ. கேபிள் போட்டால் இழப்பு 0.24 வோல்ட்டாகும், புகார் தீரும்.

பியூஸ்

இங்கே பார்க்க வேண்டியது ஆம்பியர் எண்ணை மட்டும் அல்ல, ஷார்ட் ஆகும்போது எத்தனை ஆயிரம் ஆம்பியரை அறுக்க முடியும் என்பதையும். ஏஎன்எல் வகை 6,000. பேட்டரி முனையிலேயே அமரும் எம்ஆர்பிஎஃப் 12 வோல்ட்டில் 10,000. கிளாஸ் டி 20,000. லித்தியம் பேங்க் ஷார்ட் ஆனால் ஏஎன்எல் உருகிய பிறகும் இடைவெளியில் மின்பொறி நீண்டு தீப்பிடிக்கக் கூடும். ஈயத்துக்கு ஏஎன்எல் அல்லது எம்ஆர்பிஎஃப் போதும். லித்தியம் பேங்கின் மெயினில் கிளாஸ் டி, ஒவ்வொரு பேட்டரியின் முனையிலும் ஓர் எம்ஆர்பிஎஃப். அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி இ-11 பொதுவாக பியூஸை பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்கிறது. ஸ்டார்ட்டர் கேபிளுக்கு விலக்கு உண்டு.

கண்காணிப்பு: நான்கு போட்டியாளர்கள்

வோல்ட்மீட்டர் ஈயத்துக்கு நேர்மையான கருவி, பொறுமை இருந்தால். சுமையும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.7 என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி. ஓடும் படகில் அந்த ஓய்வு கிடைப்பதே அரிது. லித்தியத்தில் 13.2 என்ற எண் 90 சதவீதமாகவும் இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். அந்த பேங்குக்கு வோல்ட்மீட்டர் அபாய மணி மட்டுமே.

ஸ்மார்ட்கேஜ் போல வோல்டேஜை மட்டும் வைத்து மாதிரிக் கணக்குப் போடும் கருவி ஈயத்துக்கென்றே உருவானது. இரண்டு மெல்லிய ஒயரில் வேலை முடியும். பேட்டரி கிழடானதையும் உணர்ந்துகொள்ளும். எத்தனை ஆம்பியர் போகிறது என்று மட்டும் சொல்லாது.

பி.எம்.எஸ் புளூடூத் செயலி செல் வோல்டேஜ் பார்க்க அருமை. சதவீதத்தை நம்ப வேண்டாம்: பல பி.எம்.எஸ்-கள் ஓர் ஆம்பியருக்குக் கீழான மின்னோட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாள் முழுக்க 0.5 ஆம்பியர் ஓடினால் 12 ஏஎச் கணக்கில் வராமல் போகும்.

மிஞ்சியது ஷன்ட் மீட்டர்: நெகடிவ் வழியில் வைத்த மிகச் சிறிய மின்தடையில் (ஷன்ட்) விழும் வோல்டேஜை வைத்து மின்னோட்டத்தை அளப்பது. விக்ட்ரான் ஸ்மார்ட்ஷன்ட், பிஎம்வி-712, பால்மார் எஸ்ஜி200 எல்லாம் இந்தக் குடும்பம். 500 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் தரும் ஷன்டில் 100 ஆம்பியர் ஓடினால் 10 மில்லிவோல்ட். அதை எண்ணிக் கூட்டிக் கழிப்பதுதான் மீட்டரின் வேலை. லித்தியத்துக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. இணைப்பு இப்படி:

- ஷன்டின் பேட்டரி பக்கத்தில் ஹவுஸ் பேங்கின் நெகடிவ் மட்டும். வேறு ஒரு ஒயர்கூடக் கூடாது.
- சோலார் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர், நங்கூர விஞ்ச், அடித்தளப் பம்ப், எஞ்சின் பிளாக், ஸ்டார்ட்டர் பேட்டரி எல்லாவற்றின் நெகடிவும் மறுபக்கத்துப் பஸ்பாரில்.
- மீட்டருக்குப் போகும் மெல்லிய பாசிட்டிவ் ஒயரில் பேட்டரிக்கு அருகிலேயே சிறு பியூஸ்.

சோலார் நெகடிவை வசதிக்காக பேட்டரி முனையில் மாட்டியிருந்தால் வரவு பதிவாகாது. நிறைந்த பேட்டரியை மீட்டர் தினமும் காலி என்று புலம்பும். பம்ப்பை அப்படி மாட்டியிருந்தால் எதிர்மாறு, அதுதான் ஆபத்து.

அமைப்பு எண்கள்: ஈயத்துக்குப் பியூகெர்ட் (வேகமாக எடுத்தால் கொள்ளளவு குறைவதைக் காட்டும் எண்) 1.25, சார்ஜ் திறன் 85 முதல் 90 சதவீதம், லித்தியத்துக்கு 1.05, 99 சதவீதம். நிறைவு வோல்டேஜ், சார்ஜரின் அப்சார்ப்ஷன் எண்ணுக்கு (முழுதாக ஏற்றும் கட்டத்தின் வோல்டேஜ்) 0.2 கீழே, 14.4 என்றால் 14.2. அடுத்துவரும் வால் மின்னோட்டத்தில்தான் (இதற்குக் கீழே இறங்கினால் பேட்டரி நிறைந்தது என்று மீட்டர் கொள்ளும் எல்லை) பலர் ஏமாறுகிறார்கள். 400 ஏஎச் பேங்குக்கு 4 சதவீதம் என்று வைத்தால் 16 ஆம்பியர். 200 வாட் சோலார் உச்சியில்கூட 14-ஐத் தாண்டுவது அரிது. அதாவது அந்த நிபந்தனை எப்போதுமே நிறைவேறியிருக்கும், வோல்டேஜ் 14.2-ஐத் தொட்ட சில நிமிடங்களில் மீட்டர் 100 சதவீதம் என்று அறிவித்துவிடும், பேட்டரி 90-ல் இருந்தாலும். 1 முதல் 1.5 சதவீதமாகக் குறைத்து, காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள்.

ஷன்டுக்கு இன்னொரு குருட்டுப்புள்ளி உண்டு. நீங்கள் எழுதிய கொள்ளளவை அது அப்படியே நம்பும். 450 ஏஎச் ஈய பேங்க் சில ஆண்டுகளில் 320 ஆகியிருந்தால், 180 எடுத்த பிறகு மீட்டர் 60 சதவீதம் காட்டும், உண்மை 44. அதனால் ஈயம் வைத்திருப்பவர் பழைய வோல்ட்மீட்டரைத் தூக்கிப்போட வேண்டாம். விடியுமுன், சோலார் எழுமுன், எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள்: ஷன்ட் 70 சொல்லி வோல்டேஜ் 12.1 சொன்னால், ஷன்டில் எழுதிய கொள்ளளவைத்தான் திருத்த வேண்டும்.

புதிதாக இணைத்த அன்று மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, நேராக பேட்டரியில் மாட்டிய பம்ப், சோலார் கிளைகளின் பியூஸையும் கழற்றிவிட்டு மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு தெரிந்த ஒரு சுமையைப் போட்டு, பேங்கின் நெகடிவ் கேபிளில் டிசி கிளாம்ப் மீட்டரைக் கவ்வி இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். சோலார், சார்ஜர், ஆல்டர்னேட்டர், பம்ப், விஞ்ச் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டி, கிளாம்பை அதனதன் சொந்தக் கேபிளில் கவ்வி இதையே திரும்பச் செய்தால், எந்த நெகடிவ் ஷன்டைத் தாண்டிப் போகிறதோ அது ஒரு மணி நேரத்தில் மாட்டிக்கொள்ளும்.