ஊரில் ஸ்லீவ் (எடைக் குறைப்பு) அறுவை செய்துகொள்ள வருகிறீர்களா? திரும்பும் டிக்கெட்டை முதலில் பாருங்கள்

சென்னையிலும் கோவையிலும் எடைக் குறைப்பு அறுவையை லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே) நன்றாகவே செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கோட்டைவிடுவது நாள்கணக்கில்தான். முதல் இரண்டு வாரம் கல்யாணம், கோயில். கடைசி வாரத்தில் அறுவை. தையல் ஆறுமுன் விமானம். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய்போல ஸ்டேப்லரால் மூடுகிறார்கள். அப்படி மூடிய இடத்தில் கசிவு வந்தால் பெரும்பாலும் உணவுக்குழாயை ஒட்டிய மேல்முனையில் வரும். மருத்துவமனையில் இருப்பதோ இரண்டு மூன்று நாள். கசிவு பலருக்கு வீட்டுக்குப் போனபின், முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டுகிறது. நாடித்துடிப்பு 120ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ மூச்சுவாங்கலோ இடது தோள்வலியோ வந்தாலோ அன்றே அறுவை செய்தவரிடம் போக வேண்டும். காலில் இரத்தம் உறையும் அபாயமும் இதே வாரங்களில்தான் அதிகம். நீண்ட விமானப் பயணத்துக்கு முன் நான்கு வாரமாவது ஊரில் இருங்கள்.

யாருக்கு இது பொருந்தும்? 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 27.5 முதலே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது, 165 செ.மீ. உயரத்துக்கு 75 கிலோ. இந்தியக் காப்பீட்டு விதியோ 40, அல்லது கடுமையான உடன்நோயோடு 35 கேட்கிறது. ஆகவே நடுத்தரப் பருமன் உள்ளவர் செலவைத் தன் கையிலிருந்தே போட வேண்டியிருக்கும். நெஞ்செரிச்சல் ஏற்கெனவே இருந்தால் ஸ்லீவ் அதை மோசமாக்கலாம். எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்க்காமல் தேதி கொடுக்கும் இடத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அறுவைக்குப் பதில் இரைப்பைக்குள் பலூன் வைக்கலாம் என்றால், வழக்கமான வகையை ஆறு மாதத்தில் எடுத்தாக வேண்டும். அதற்கு இன்னொரு பயணம்.

பேக்கேஜ் விலை சொல்லும்போது ஸ்டேப்லர் கார்ட்ரிட்ஜ் (அதில் போடும் பின் தொகுப்பு) எத்தனை அடக்கம், ஐசியு நாள் சேருமா, கசிந்தால் மறுஅறுவைக்கு யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவையின் வகை, கசிவுச் சோதனை முடிவு, எடுத்த இரைப்பையின் பயாப்ஸி மூன்றும் இருக்கட்டும். திரும்பிப் போகும் நாட்டில் உங்களைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். இங்கேதான் வீட்டார் பாசம் குறுக்கே வரும். ரசமும் இளநீரும் தொண்டைக்கு இதம், ஆனால் புரதம் மிகக் குறைவு; நாளுக்கு 60 கிராம் இலக்கை எட்டப் புரதப் பொடி கட்டாயம் வேண்டும். பிறகு மசித்த உணவு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். பி12, டி, கால்சியம், இரும்பு மாத்திரைகள் ஆயுள் முழுக்க.

வாந்தி நிற்காமல் போனால் சில வாரங்களிலேயே தயமின் (வைட்டமின் பி1) வற்றி மூளை பாதிக்கப்படலாம். எந்த நாட்டு அவசரப் பிரிவுக்குப் போனாலும், எடைக் குறைப்பு அறுவை ஆனவர் என்று முதலிலேயே சொல்லி, குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் போடச் சொல்லுங்கள்.