பைக்கில் உட்கார்ந்தபடியே விலை சொன்ன மர ஏஜெண்ட்

ஆலங்குடிப் பக்கம் எங்கள் வயலில், மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு பழைய தைலமரம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு கொட்டகைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது, விழவில்லை. அப்படியே விட்டுவைத்தது எங்கள் தப்பு.

போன மாதம் ஒரு மர ஏஜெண்டைக் கூப்பிட்டேன். பைக்கை விட்டு இறங்காமல் அண்ணாந்து பார்த்தார். "7,000 கூலிண்ணே, விறகு உங்களுக்கு. கொட்டகைக்கு அந்தப் பக்கம்தானே சாஞ்சிருக்கு, பயமே இல்ல." 4,000 அட்வான்ஸ் கொடுத்தேன்.

மறுநாள் வந்தது மரம் அறுக்கும் மிஷினோடு ஒரு பையன், கையாளாக இன்னொருவன். வடக்கயிறு இல்லை, ஏறிக் கிளை கழிக்க ஆளும் இல்லை. பேசும்போது இரண்டும் உண்டு என்றுதான் சொல்லியிருந்தார். போன் போட்டால், "சின்ன மரம்ணே, அடியிலேயே எடுத்துரலாம்" என்கிறார்.

சாய்ந்த பக்கம் பேருக்கு நாலு விரல் ஆழத்தில் வாய், அதாவது ஆப்பு வடிவ வெட்டு, எடுத்துவிட்டு, பையன் பின்னாலிருந்து அறுத்தான். பாதிகூட வரவில்லை. படீரென்று ஒரு சத்தம். அறுத்த இடத்திலிருந்து மரம் நெட்டுக்குத்தாக ஆளுயரத்துக்கு மேல் பிளந்தது. அறுபடாத முன்பாதி அடியோடு நின்றுகொள்ள, அறுபட்ட பின்பாதி, மரம் முன்னால் சாயச் சாய, கிணற்று ஏற்றம் போல மேலே எகிறிக் கொட்டகை மீது இறங்கியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை நொறுங்கியது, ஸ்டார்ட்டர் பெட்டி சப்பளிந்தது. மிஷினைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓடியதால்தான் பையன் பிழைத்தான்.

"மரம் ஓட்டைண்ணே, உள்ள இருக்கறது எனக்கெப்படித் தெரியும்?" என்றார் ஏஜெண்ட். அட்வான்ஸ் திரும்பவில்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை.

அடிக்கட்டையை எடுக்க வந்த பெரியவர் பிளவை விரலால் தடவிக் காட்டினார். உள்ளே ஒரு கீற்று முழுக்கக் காய்ந்து கருஞ்சிவப்பான பிசின். "இது இப்பப் பிளந்ததில்ல தம்பி, கஜாவுல விட்ட வெடிப்பு. மரம் பிசினை விட்டு மூடி வச்சிருக்கு." அதற்குக் கீழே கரையான் மண். கோடாலியின் பின்புறத்தால் தட்டினார்: மேலே கணீர், அடியில் தொப்தொப். இந்தத் தட்டலுக்கு ஒரு நிமிடம் ஆகுமா?

தைலமரம் நிற்கும்போதே உள்ளுக்குள் விறைப்போடுதான் நிற்கும். வெட்டிப் போட்ட கட்டைகூட முனையில் தானாக வெடிக்கும். சாய்ந்த மரத்தில் பின்பக்க நார் இன்னும் இழுபட்டிருக்கும். வாயை ஆழமாக எடுக்காமல் பின்னாலிருந்து அறுத்தால், மீதி மரம் வளைய முடியாமல் நார் வழியே கிழிந்துவிடுகிறது. பெரியவராக இருந்தால் வெட்டுக்கு மேலே சங்கிலி சுற்றி இறுக்குவாராம். மிஷின் நுனியை நடுவில் குத்தி அறுத்து, முன்னால் கீல் போலக் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் விட்டுவைத்து, அந்தப் பின்பகுதியைக் கடைசியில் அறுப்பாராம்.

தட்டிப் பார்க்காமல் விலை சொல்பவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கயிறு, சங்கிலி, ஏறும் ஆள், சேதமானால் யார் பொறுப்பு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

வரப்பில் இன்னொரு தைலமரமும் அதே கஜாவில் சாய்ந்து நிற்கிறது. பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். "ஆடிக் காத்து அடங்கட்டும் தம்பி" என்கிறார்.