18,600 ரூபாய் போச்சு: குடும்பத்தோட ஓவிய வகுப்புல சேர நினைக்கிறவங்க படிங்க

இன்னைக்குச் சாயங்காலம் போனா கதவுல பூட்டு, பக்கத்துல 'டூலெட்' போர்டு. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதுன்னு வீட்டுல சொன்னாங்க. ஆறாது. அதான் இப்பவே எழுதறேன்.

பேர் போடலை. திருச்சியில ஒரு வீட்டு மாடியில நடந்த ஓவிய வகுப்பு. "5 வயசுல இருந்து 75 வயசு வரை எல்லாரும் வரையலாம்"னு கேட்டுல பேனர். எனக்கு, நாலாவது படிக்கிற என் பொண்ணுக்கு, 68 வயசு அப்பாவுக்கு, ஆறு மாசத்துக்குச் சேர்த்து 15,000. அப்பா ஆசைப்பட்ட தஞ்சாவூர் ஓவியத்துக்கு கிட் 3,600. மொத்தம் 18,600 ரூபாயை ஒரே தடவையில ஜிபேயில அனுப்பிட்டேன்.

ஏன் அப்படி நம்பினேன்னு கேப்பீங்க. அன்னைக்கு டெமோ வகுப்பு. அப்பாவுக்குக் கை லேசா நடுங்கும், பென்சிலைத் தொடவே கூச்சப்பட்டார். மாஸ்டர் பக்கத்துல வந்து உக்காந்து, "ஐயா, விரலை அசைக்காதீங்க, தோளை அசைச்சு வரைங்க"ன்னு சொல்லி, 4பி பென்சிலைச் சாய்ச்சுப் பிடிக்க வச்சு ஒரு மாங்காய் போட வச்சார். கோடு நடுங்காம வந்துச்சு. அந்தத் தாளை மடிக்க மனசில்லாம சுருட்டிக் கையில பிடிச்சுக்கிட்டே ஸ்கூட்டியில பின்னாடி உக்காந்து வந்தார் அப்பா. அம்மா போனதுக்கப்புறம் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டின கையோட பணம் அனுப்பினேன்.

மாஸ்டர் வந்தது மொத்தம் ஆறு வகுப்பு. அப்புறம் ஒரு காலேஜ் பையன். அவனைச் சொல்லிக் குத்தமில்லை, அவனுக்கே சம்பள பாக்கியாம். கார்ட்டூன் ஜெராக்ஸைக் கொடுத்துக் கலர் அடிக்கச் சொல்லுவான், அவ்வளவுதான்.

கிட் வர அஞ்சு வாரம் ஆச்சு. பிளைவுட் பலகையில ஒட்டின துணி ஓரத்துல பிரிஞ்சு கிடக்கு. படத்துல புடைப்பு வைக்கிற சுக்கான் பொடி ஒரு பாக்கெட், கொஞ்சம் கல்லு, 22 கேரட்டுன்னு சொன்ன தங்க ரேக்கு, அதாவது மேல ஒட்டற மெல்லிசான தங்கத் தாள். தஞ்சாவூர்ல இதே வேலை செய்யற சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட, அப்பாவுக்குத் தெரியாம அந்த ரேக்கைக் காட்டினேன். கையில வாங்கினதுமே சொல்லிட்டார்: "இது இமிடேஷன்மா. போகப் போகக் கறுத்துடும். அசல் தங்கம் கறுக்காது." அப்பா அதுல வெண்ணெய்க் கிருஷ்ணர் போட்டு, அம்மா படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்னு இருந்தார். அதை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

வகுப்பு நடத்தறவரைக் கேட்டதுக்கு, "சப்ளையர் மாத்திக் கொடுத்துட்டாரு மேடம், திங்கக்கிழமை வாங்கித் தர்றேன்." திங்கக்கிழமை போனா, "ஊர்ல ஒரு துக்கம்." வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன். பத்தே நிமிஷத்துல அட்மின் மட்டும் பேசற மாதிரி மாத்திட்டாங்க. பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னா ரசீதோட பின்பக்கத்தைப் பாருன்னாங்க. எறும்பு மாதிரி எழுத்துல, "கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது." கடைசியா போனை எடுத்தப்ப, "18,600 எல்லாம் ஒரு பணமா மேடம்?"னு கேட்டார். பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்! என் ஒரு மாசச் சம்பளத்துல பாதிக்கு மேல.

என்னென்ன பார்த்துச் சேரணும்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியலை. மாசா மாசம் மட்டும் கட்டுங்க. கிட்டை அவங்ககிட்ட வாங்காதீங்க. கவர்மென்ட் சர்டிபிகேட் நாங்களே தர்றோம்னாங்க, அதையும் நம்பாதீங்க. ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங்னு ஓவியத்துக்கான லோயர், ஹையர் பரீட்சை எல்லாம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தறது, சர்டிபிகேட்டும் அங்கிருந்துதான் வரும். பிள்ளைங்களுக்குன்னா முதல்ல உங்க ஊர் ஜவகர் சிறுவர் மன்றத்துல விசாரிங்க, கலை பண்பாட்டுத் துறையோடது, கட்டணமும் ரொம்பக் கம்மி. நான் விசாரிக்காமப் போனேன்.

1915க்குப் போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிஞ்சாச்சு. அதே மாடியில பணம் கட்டினவங்க யாராவது இதைப் படிச்சா, ரசீதையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அழிச்சுடாதீங்க. இன்பாக்ஸுக்கு வாங்க, சேர்ந்தே கேஸ் போடுவோம்.

பூட்டிட்டுப் போன விஷயத்தை அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. சனிக்கிழமை வகுப்புக்குன்னு இப்பவே பென்சில் சீவி வச்சுட்டார்.