அப்பாவின் துப்பாக்கியும் திருநெல்வேலி கடை நோட்டும்

போன வருஷம் அப்பா தவறிய பிறகு வீட்டில் இருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மணிமுத்தாறு பக்கம் மலையடிவாரத்தில் வாழையும் நெல்லும் போடுகிறவர்கள் நாங்கள். இருட்டிய பிறகு பன்றிக் கூட்டம் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டு விரட்டுவதற்காக அப்பா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஆள் போனால் லைசென்ஸும் போனது மாதிரிதான், தாமதம் இல்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்துவிடுங்கள் என்று சொன்னார்கள். அப்படித்தான் திருநெல்வேலியில் இருக்கும் இந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். மாமா காரில், கேன்வாஸ் உறையில் சுற்றி, பின் சீட்டில் அம்மா மடியில் வைத்துக்கொண்டு.

பெயர்ப்பலகை சிறியது. தெரியாதவர்கள் பூட்டுக் கடை என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள். உள்ளே இரும்புக் கம்பி அடைப்பு, அதற்குப் பின்னால் வரிசையாகச் சாத்தி வைத்த துப்பாக்கிகள், எல்லாவற்றின் விசைக்காப்புக்குள்ளும் ஒரே சங்கிலி ஓடுகிறது. எண்ணெய் வாடை. கடைக்கார அண்ணாச்சி அப்பாவின் துப்பாக்கியை வாங்கி, முதலில் குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்தார், பிறகு பூதக்கண்ணாடி வைத்து உலோகத்தில் வெட்டியிருந்த எண்ணைப் படித்து ஒரு தடித்த நோட்டில் எழுதினார். யாருடையது, எந்த லைசென்ஸ், யார் கொண்டுவந்தது, என்ன உறவு, என்ன காரணம், தேதி. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். எட்டு மாதம் அங்கேதான் இருந்தது. வாரிசுச் சான்று, அம்மாவும் அக்காவும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தது, போலீஸ் விசாரணை, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்ற சான்று, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்த நடை, எல்லாம் முடிந்து என் பெயரில் லைசென்ஸ் வரும்வரை.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். இடையில் ஒரு தடவை போய்ப் பார்த்தபோது குழலின் வாய்ப்பக்கம் துரு லேசாகத் தெரிந்தது, மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது எண்ணெய் போட்டிருக்கலாம். கேட்டதும் மறுப்புச் சொல்லாமல் சுத்தம் செய்து தந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. வைப்புக்கான கட்டணத்தை முதல் நாளே தெளிவாகச் சொல்லவில்லை. வண்டி நிறுத்த இடமே கிடையாது. தேர்தல் அறிவிப்பு வந்தால் ஊர்ப்பட்ட லைசென்ஸ் துப்பாக்கியும் ஒப்படைக்க வந்துவிடுகிறது, அந்த வாரத்தில் போகாதீர்கள்.

ஆனால் இந்தக் கடைக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பது வேறு ஒரு காரணத்துக்காக. நான் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்தார், அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரிந்தவர், பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். மச்சானுக்கு 12 போர் தோட்டா வேண்டும், லைசென்ஸ் போட்டோ போனில் இருக்கிறது என்றார். அண்ணாச்சி போனை வாங்கிப் பார்க்கவே இல்லை. "அசல் இல்லாம ஒண்ணுகூடக் குடுக்க முடியாது" என்றார். வந்தவருக்குக் கோபம். என்னைத் தெரியாதா உமக்கு என்று சத்தம் போட்டார். "உம்மத் தெரியும்வே. தோட்டா யாரு கையில போய்ச் சேரும்னு தெரியாதுல்லா" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான், அவர் போய்விட்டார், ஒரு வியாபாரம் போனது, நோட்டில் எதுவும் ஏறவில்லை.

அன்றைக்கு எனக்கு அந்தக் கப்பல் ஞாபகம் வந்தது. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கடலில் பிடித்தார்களே, சீமேன் கார்டு ஓஹையோ. அமெரிக்கக் கம்பெனியின் கப்பல், பறந்தது சியரா லியோன் கொடி, உள்ளே 35 பேர், 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கு மேல் தோட்டா. ஆட்களை நம் பாளையங்கோட்டைச் சிறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் காவலுக்கு வைத்திருக்கிறோம், காகிதம் இருக்கிறது என்றார்கள் அவர்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 5 ஆண்டு தண்டனை கொடுத்தது, 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. அவர்கள் குற்றவாளிகள் என்று நான் சொல்லவரவில்லை. 35 துப்பாக்கி யாருடையது, எந்த நாட்டுக் காகிதம் செல்லும் என்று தீர்க்க நான்கு வருஷம் ஆனது. அப்பாவின் ஒற்றைக்குழலுக்கு அந்தப் பதில் நோட்டின் ஒரு வரியில் இருக்கிறது.

அதே 2013-இல், ஏப்ரல் 2 அன்று, ஐ.நா. பொதுச்சபையில் ஆயுத வணிக ஒப்பந்தம் நிறைவேறியது. 154 நாடுகள் ஆதரவு, ஈரான், வடகொரியா, சிரியா எதிர்ப்பு, 23 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, நாமும் அதில் ஒருவர். 2014 டிசம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. டாங்கி, பெரிய பீரங்கி, போர் விமானம், போர்க்கப்பல், ஏவுகணையிலிருந்து கைத்துப்பாக்கி வரை எட்டு வகை. அண்ணாச்சி சொன்னதைத்தான் அது நாடுகளுக்குச் சொல்கிறது: வாங்குகிறவனைத் தெரிந்தால் போதாது, பொருள் எங்கே போய்ச் சேரும், எதற்குப் பயன்படும் என்று பார், இனப்படுகொலைக்கோ பொதுமக்களைத் தாக்கவோ போகும் என்று தெரிந்தால் விற்காதே, விற்றதைக் குறைந்தது 10 வருஷம் பதிவில் வை. அதற்கு முன்பே 1991-இல் ஐ.நா. ஒரு பதிவேடு தொடங்கியது, எந்த நாடு எந்த நாட்டுக்கு எத்தனை டாங்கி விற்றது என்று எழுதச் சொல்லி. எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் கேட்க ஆள் இல்லை.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை. அண்ணாச்சியின் கடை நோட்டை போலீஸ் வந்து புரட்டிப் பார்க்கலாம், கணக்கு உதைத்தால் கடையே போய்விடும். அந்த ஒப்பந்தத்துக்கு ஜெனீவாவில் ஒரு செயலகம் இருக்கிறது, எந்த நாட்டின் கிடங்கையும் திறந்து பார்க்க அதற்கு அதிகாரம் இல்லை. சில நாடுகள் ஆண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு வெளியே காட்டாதே என்கின்றன. அமெரிக்கா 2013-இல் கையெழுத்துப் போட்டது, 2019-இல் நாங்கள் கட்டுப்பட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ரஷ்யா வரவே இல்லை. சீனா 2020-இல் சேர்ந்தது.

நம் நாடு ஒதுங்கியதற்குச் சொன்ன காரணத்தில் ஒரு பாதி நியாயம்தான். விற்கிறவன் கையில் எல்லா அதிகாரமும், வாங்குகிறவனுக்குக் கடமை மட்டும் என்றார்கள், பயங்கரவாதிகள் கைக்குப் போவதைத் தடுக்கும் வாசகம் பலவீனம் என்றார்கள். உலகத்திலேயே அதிகம் ஆயுதம் வாங்கும் நாடாக இருந்தபோது அது சரி. இப்போது நாமும் விற்கிறோம். பிலிப்பைன்ஸுக்குப் பிரம்மோஸ் ஏவுகணை கொடுக்க 2022-இல் ஒப்பந்தம் போட்டு, 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்விட்டது. கல்லாப்பெட்டிப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகும் வாடிக்கையாளர் சொன்ன காரணத்தையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது, இந்தியா உள்ளே போய்ச் சேர்ந்து அந்த வாசகங்களைக் கெட்டியாக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் அகதி முகாம்காரர் ஒருவர் உண்டு, தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவர். அணை மேலே எப்போதாவது ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மரத்தடிக்குப் போவார். "கிபிர்" என்று ஒரு சொல் சொல்வார். அது இஸ்ரேல் செய்து இலங்கைக்கு விற்ற விமானத்தின் பெயர் என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் தெரிந்தது. எந்த ஊரில் யார் கையெழுத்தில் விற்றதோ, அதன் பெயர் வன்னியில் வயல் வேலை செய்தவர் வாயில் தங்கிவிட்டது.

சரி, கடைக்கு வருகிறேன். போன மாதம் துப்பாக்கியைத் திரும்ப எடுத்தேன். அண்ணாச்சி பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, அதே எண்ணை மறுபடி கண்ணாடி வைத்துப் படித்து, என் லைசென்ஸில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்து, என் கையெழுத்துக்கு எதிரே கையெழுத்து வாங்கினார். தோட்டா வாங்கியதை நோட்டிலும் லைசென்ஸிலும் எழுதினார். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், ஒன்று அந்தத் துருவுக்காகக் குறைத்தது. போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், ஜி-பே கிடையாது, அசல் லைசென்ஸ் கையில் இருக்கட்டும்.