540 மோட்டாரின் கம்யூடேட்டர்: ஸ்டிக்கால் தேய்ப்பதா, மினி லேத்தில் கடைவதா, குட்டி லேத்தா?

ரேடியோ காரில் 540 என்ற அளவு பிரஷ் மோட்டாரை விடாமல் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். போன மாதம் சீறிய கார் இப்போது முக்குகிறது. மோட்டாரைத் தொட்டால் கை சுடுகிறது. பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) பக்கம் பச்சையாகப் பொறி பறக்கிறது. கழற்றிப் பார்த்தால், பிரஷ் உரசி ஓடும் செம்புப் பட்டை உருளையான கம்யூடேட்டர் கறுத்து, பிரஷ் ஓடிய தடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். மிக்சி ரிப்பேர் கடை என்றால் "கார்பன் மாத்திடலாம் சார்" என்பார்கள். பள்ளத்தின் மேல் புது கார்பனை வைத்தால் ஓரங்கள் மட்டும்தான் தொடும். செம்பைச் சரிசெய்யாமல் பயனில்லை.

எளிய வழி கம்யூடேட்டர் ஸ்டிக், அதாவது தேய்ப்புத் தூள் கலந்த ரப்பர் குச்சி. ஒரு பிரஷைக் கழற்றி அந்த ஓட்டை வழியே குச்சியை அழுத்தி, மோட்டாரின் ஷாஃப்டை (நடுத்தண்டை) வெளியிலிருந்து சுற்ற வேண்டும்; ஒரு பிரஷ் இல்லாமல் மோட்டார் தானாக ஓடாது. அரை நிமிடத்தில் கறுப்பு போய்விடும், வட்டம் கெட்டிருந்தால் அது அப்படியே இருக்கும். ரப்பர் மேடு பள்ளம் இரண்டையும் சேர்த்தே தடவுகிறது, மேட்டை மட்டும் வெட்டத் தெரியாது. ரெண்டு ஓட்டத்துக்கு நடுவே அவசரத்துக்குச் சரி. பிறகு கிளீனர் அடித்துத் தூளைக் கழுவி, ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

அடுத்தது மினி லேத், அதாவது சின்னக் கடைசல் இயந்திரம். வீட்டில் ஒன்று இருப்பவருக்கு வேறு எதற்குச் செலவு என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. மோட்டாருக்குள் சுழலும் பாகமான ஆர்மெச்சூரின் ஷாஃப்டை மூன்று தாடை சக்கில் (லேத்தின் பிடியில்) பிடித்துக் கடைந்தேன். செம்பு கண்ணாடி மாதிரி வந்தது. மோட்டாரைப் பூட்டி ஓட்டினால் முன்பைவிடப் பொறி அதிகம்! பிறகுதான் அதே ஆர்மெச்சூரைத் திரும்பச் சக்கில் மாட்டி, ஷாஃப்டில் டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் ஊசிக் கருவி) வைத்தேன். ஊசி 0.08 மி.மீ. ஆடியது. நான் எடுக்க நினைத்த வெட்டே 0.03தான். ஆக, கம்யூடேட்டர் சக்குக்கு வட்டமாக இருந்தது, ஷாஃப்டுக்குக் கோணலாக இருந்தது. நிமிடத்துக்கு 20,000 சுற்றில் அந்தக் கோணல் பிரஷைத் துள்ள வைக்கிறது.

இதற்கும் வழி உண்டு. 3.17 மி.மீ. ஷாஃப்டின் பினியன் (பல்சக்கரம்) மாட்டும் பக்கத்தை நல்ல காலெட்டில் (சுற்றிலும் கவ்வும் பிடியில்) பிடித்து, மறுமுனையை லேத்தின் எதிர்ப்பக்கத் தாங்கியான டெயில்ஸ்டாக்கில் வைத்த பித்தளை புஷ்ஷில் ஓடவிடலாம். ஆனால் கம்யூடேட்டர் பக்கம் ஷாஃப்ட் குட்டை. டெயில்ஸ்டாக்கை நெருக்கினால் டூல் போக இடமில்லை, விலக்கினால் ஷாஃப்டுக்குப் பிடிப்பில்லை. ஒரு மோட்டாருக்காக அரை நாள் இப்படி ஜிக் (பிடிமானச் சட்டம்) செய்வது பொழுதுபோக்கா தண்டனையா என்று அவரவர்தான் சொல்ல வேண்டும்.

இந்த ஒரு வேலைக்கென்றே பிறந்தது குட்டி கம்யூடேட்டர் லேத். ஸ்லோவாக்கியாவின் ஹூடி செய்த வகை ரேஸ்காரர்களிடம் பிரபலம். இதில் சக்கே கிடையாது. இரண்டு தூண்களின் V வெட்டில் ஷாஃப்ட் படுத்துக்கொள்ளும், ஒரு ரப்பர் வளையம் ஆர்மெச்சூரின் வயிற்றைச் சுற்றி ஓட்டும். மோட்டாருக்குள் எந்த ஷாஃப்ட் மேல் சுழல்கிறதோ, அதே ஷாஃப்ட் மேல்தான் இங்கும் சுழல்கிறது. என் சக் செய்த தப்பை இதில் செய்யவே முடியாது. உள்ளங்கை அளவு பொருள் நாற்பது கிலோ மினி லேத்தைத் தோற்கடிப்பது இந்த இடத்தில்தான்.

V வெட்டில் ஒரு சொட்டு எண்ணெய். செம்பு முழுக்க கறுப்பு மார்க்கர் பூசுங்கள். செம்பு டூல் மேல் இறங்கும் திசையில் சுற்ற வேண்டும். முதல் ஓட்டத்தில் மேடான பட்டையில் மட்டும் மை போய், தலைமுடி கனத்தில் செம்புச் சுருள் விழும். இரண்டு மூன்று ஓட்டத்தில் மை முழுக்கப் போனதும் நிறுத்திவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்ற ஆசை ஆர்மெச்சூரின் ஆயுளைத் தின்னும்.

டூலில் கார்பைடே எனக்குப் போதும். வைர முனை பளபளப்பு தரும், ஆனால் செம்பைத் தொட்டபடி இருக்கும்போது சுழற்சி நின்றாலே நுனி உடையலாம். கடைசியாக, மூன்று பட்டைகளுக்கு நடுவே உள்ள பிளவுகளில் பிளேடால் பிசிறை எடுத்து, பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பீப் வரக்கூடாது.

குட்டி லேத்தின் குறை ஒன்றுதான்: வேறு எதற்கும் ஆகாது. ஒரே ஒரு மோட்டார் வைத்திருப்பவர் ஸ்டிக்கோடு நிறுத்தலாம், இல்லை பிரஷ்லெஸ்ஸுக்குப் போய்விடலாம், அதில் கம்யூடேட்டரே இல்லை. வாயை மடித்து மூடிய சீல்டு மோட்டாருக்கு இந்தப் பேச்சே வேண்டாம். ஸ்க்ரூ போட்டுத் திறக்கும் மோட்டார் நாலைந்து இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குட்டி லேத் வாங்கலாம்.

புதிதில் ஏழரை மி.மீ. சுமாருக்கு இருக்கும் கம்யூடேட்டர் 7க்கு வந்துவிட்டால் நான் கடைவதில்லை. வாஷர்களைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு, ஆர்மெச்சூரைச் செம்பு விலைக்குத் தள்ளிவிடுவேன்.