பீக்கிங் ஓபராவா, குன்ச்சூவா: முதலில் எதைப் பார்ப்பது?

சீன இசை நாடகம் பார்க்க ஆசை, ஆனால் பீக்கிங் ஓபரா, குன்ச்சூ என்ற அதன் இரண்டு வகைகளில் எதில் தொடங்குவது என்று முழிப்பவர்களுக்கு இது.

வயது: குன்ச்சூதான் மூத்தது, கிழக்குச் சீனாவில் சூச்சோ நகரத்துக்குப் பக்கத்தில் குன்ஷானில் வளர்ந்து 16ஆம் நூற்றாண்டில் மெருகேறியது. பீக்கிங் ஓபராவுக்கு விதை, 1790இல் சியான்லோங் பேரரசரின் 80ஆவது பிறந்தநாளையொட்டி ஆன்ஹுயி மாகாணத்திலிருந்து தலைநகர் பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) வந்த நாடகக் குழுக்கள்.

காதுக்கு: குன்ச்சூவில் மூங்கில் புல்லாங்குழல், அசையை இழுத்து இழுத்துப் பாடுவார்கள். பீக்கிங்கில் ஜிங்ஹு என்ற இரட்டைத் தந்தி வாத்தியம் கீச்சென்று முன்னால் நிற்கும், கூடவே தாளமும் மேளமும்; ஹெட்போனில் கேட்டால் தலைவலி நிச்சயம்.

கண்ணுக்கு: என் ஓட்டு பீக்கிங்குக்கு. முகச்சாயமே பாதிக் கதை சொல்லிவிடும். பழைய சீனப் போர்க்கதைகளில் வரும் இருவரைப் பாருங்கள்: சிவப்பு என்றால் விசுவாசி தளபதி குவான் யூ, வெள்ளை என்றால் சூழ்ச்சிக்கார சாவ் சாவ். 'சான்ச்சாகோ' என்று ஒரு நாடகத்தில் கும்மிருட்டில் இருவர் சண்டை போடுவார்கள், ஆனால் மேடையில் விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும். வாள் மூக்கை உரசிக்கொண்டு போனாலும் எதுவும் தெரியாதது போலக் காற்றைத் துழாவுவார்கள். அந்தச் சண்டையில் வசனம் கிட்டத்தட்ட இல்லை, மொழியும் தேவையில்லை.

பொறுமை: குன்ச்சூவுக்கு நிறைய வேண்டும். தாங் சியான்சூ எழுதிய 'பியோனி மண்டபம்' 55 காட்சிகள், பெரும்பாலும் பொறுக்கியெடுத்த சில காட்சிகளைத்தான் போடுவார்கள். சப்டைட்டில் இல்லாமல் உட்காராதீர்கள், பாட்டில் உள்ள கவிதை மொத்தமும் போய்விடும்.

குழந்தைகளோடு பார்ப்பதென்றால் பீக்கிங், அதிலும் சண்டைக் காட்சிகள். மெதுவான பாட்டும் காதல் கதையும் பிடிக்குமென்றால் யோசிக்காமல் குன்ச்சூ.