அனிமேஷன் தளங்களும் கூகுளும்: பல வருடப் பழக்கத்தில் சொல்வது

அனிமேஷன் நிறைந்த தளம் என்றாலே கூகுளில் வராது என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. ஃபிளாஷ் காலத்தில் அது பெருமளவு சரி. ஆனால் 2019 மே முதல், பக்கங்களைப் படித்துவரும் கூகுளின் நிரலான கூகுள்பாட், குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியத்தின் புதிய பதிப்போடுதான் பக்கங்களைத் திறக்கிறது, ஜாவாஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்க்கிறது. ஜிசாப், லோட்டி, த்ரீ ஜேஎஸ் என்ற அனிமேஷன் கருவிகள் மூன்றையும் வைத்துப் பல வருடங்களாகத் தளங்கள் செய்துவருகிறேன். அசைவு இருப்பதாலேயே தேடலில் காணாமல் போன பக்கத்தைப் பார்த்த நினைவில்லை. எழுத்தையும் சேர்த்து அனிமேஷன் கையில் ஒப்படைத்த பக்கங்கள்தான் காணாமல் போயின.

கூகுள்பாட் ஸ்க்ரோல் செய்யாது, கிளிக் செய்யாது. மிக உயரமான ஒரு திரையில் பக்கத்தை விரித்துப் பார்க்கும், அவ்வளவுதான். ஸ்க்ரோல் நடந்த பிறகுதான் பத்தியையே உருவாக்குகிற நிரல் என்றால், அந்தப் பத்தி அதன் கணக்கில் கிடையாது. அதே பத்தி எச்டிஎம்எல்லில் முன்கூட்டியே இருந்து, ஒப்பாசிட்டி 0-வில், அதாவது கண்ணுக்குத் தெரியாதபடி, மறைந்திருந்து, பிறகு மெல்ல மேலே வந்தால் சிக்கல் இல்லை. ஸ்க்ரோலுக்கு ஏற்ப அசைவை ஓட்டும் ஜிசாப்பின் ஸ்க்ரோல்ட்ரிக்கர் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். இருக்கிற எழுத்தை நகர்த்துவதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

ஒன்று மட்டும். முகப்பின் பெரிய தலைப்பை இப்படி மறைத்து வைக்காதீர்கள். ஒப்பாசிட்டி 0-வில் இருக்கும்வரை குரோம் அதை எல்சிபி கணக்கில் (திரையின் மிகப் பெரிய பகுதி தோன்ற ஆகும் நேரம்) சேர்க்காது. கூகுள் நல்லது என்று சொல்லும் 2.5 நொடி வரம்பைத் தாண்டுவதற்கு இதுவும், பக்கம் தயாராகும்வரை காட்டும் ஒரு நீளமான லோடரும் சேர்ந்தாலே போதும். லோடர் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரிடம் நான் இப்போது வாதாடுவதில்லை, அவருடைய போனிலேயே சோதனையை ஓட்டிக் காட்டிவிடுகிறேன்.

வேறொருவர் செய்து என்னிடம் வந்த தளம் ஒன்று. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனை ஓட்டினால், ஸ்கிரீன்ஷாட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம், வேறெதுவும் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்ந்து வரும் எச்டிஎம்எல்லில் நிறுவனத்தின் சேவைப் பெயரைத் தேடினேன், ஓர் இடத்தில்கூட இல்லை. மெனு முழுக்க, கிளிக் செய்தால் நிரல் ஓடும்படி ஆன்கிளிக் வைத்த டிவ்கள், அதாவது வெறும் பெட்டிகள். எச்ரெஃப் (போகவேண்டிய முகவரி) உள்ள இணைப்பு இருந்தால்தான் கூகுள் அடுத்த பக்கத்துக்குப் போகும். மெனுவைச் சாதாரண இணைப்புகளாக்கி, எழுத்தைச் சர்வரிலிருந்தே வரும்படி செய்தேன். அசைவுகளில் கை வைக்கவில்லை. உள்பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கூகுளின் பட்டியலான இன்டெக்ஸில் ஏறின. முகப்பைத் திரையின் முழு உயரத்துக்கு வைத்திருந்தார்கள், கூகுள்பாட்டின் உயரமான திரையில் அது அனுமார் வாலாக நீண்டுவிடும். ஓர் உச்ச உயரம் கொடுத்ததும் சரியானது.

தமிழ்த் தளம் செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தலைப்பை எழுத்து எழுத்தாக உடைத்து ஆடவிடும் சின்ன நிரல்கள் யூனிகோடு குறிகளாகத்தான் உடைக்கின்றன. ‘கொ’ என்பது ‘க’ தனியாகவும் கொம்பும் காலும் தனியாகவும் பிய்ந்து, நடுவே புள்ளி வட்டம் வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள Intl.Segmenter வைத்துச் சரியாகப் பிரிக்கலாம். நான் சொல் சொல்லாகப் பிரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது.

லோட்டி சின்ன ஐகான்களுக்கு அருமை. அதற்குள் வாசகம் எதையும் வைக்காதீர்கள், அந்த வாசகம் பெரும்பாலும் வெறும் வடிவங்களாகத்தான் வெளிவருகிறது. த்ரீ ஜேஎஸ் காட்சியும் அப்படியே. கேன்வாஸில், அதாவது படம் வரையும் பரப்பில், வரைந்த எழுத்து கூகுளுக்குப் பிக்சல்தான். அதே வாசகத்தை எச்டிஎம்எல்லாக மேலே அடுக்கிவிடுவேன்.

அசைவுக்கு டாப், மார்ஜின் போன்ற சிஎஸ்எஸ் அமைப்புகளைத் தொடாமல் டிரான்ஸ்ஃபார்ம் மட்டும் பயன்படுத்தினால் சிஎல்எஸ் (பக்கம் எதிர்பாராமல் இடம் மாறுவதன் அளவு) ஏறாது. அப்புறம், செயற்கை நுண்ணறிவுச் சேவைகளின் பாட்கள் பல ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதே இல்லை. அதனால் இப்போதெல்லாம் தளத்தை ஒப்படைக்கும் முன் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு ஒருமுறை எல்லாப் பக்கங்களையும் படித்துப் பார்க்கிறேன்.